அரிசியில் கலந்த கல்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் சித்தப்பா மகன் தன் முதல் மகிழுந்தை வாங்க முனைந்திருந்தான். புதிய வண்டிக்குக் கையிலிருந்த பணம் போதவில்லை. பழையதே வாங்குவதென்று துணிந்து, நாள்தோறும் விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு மாலை அவற்றுள் ஒன்றை என்னிடம் காட்டினான்: ‘சிங்கிள் ஓனர். டாக்டர் யூஸ்டு. நான்-ஆக்சிடென்ட். ஒரிஜினல் பெயின்ட். ஷோரூம் கண்டிஷன்.’ படிக்கும்போதே வண்டி கண்முன் வந்து நிற்பது போலிருந்தது.

மறுநாள் காலை, எங்கள் குடும்பத்துக்குப் பல்லாண்டு பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு தென்சென்னைப் புறநகர் ஒன்றுக்குச் சென்றோம். வண்டி பளபளத்தது. உள்ளே நறுமணம் கமழ்ந்தது. தம்பியின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் வெளிப்புறத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைக் காட்டி, “தம்பி, இதை முடிவு வரைக்கும் இழுங்க” என்றார். இழுத்தேன். கருநிறப் பட்டை வழுவழுவென்று வந்துகொண்டே இருந்தது. கடைசி முழத்தில் நிறம் மாறியது. பழுப்பேறிய கறை, அதன் விளிம்பில், பென்சிலால் கோடிட்டதுபோல் வண்டல் படிந்த வரி. விரலால் தேய்த்தேன், பொடிமண் ஒட்டியது.

“தண்ணியில நின்ன வண்டி தம்பி. சீட்டு மட்டத்துக்கு ஏறியிருக்கு” என்றார் அவர். சில வாரங்களுக்கு முன்புதான், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது.

திரும்பும் வழியில் அந்த விளம்பரத்தை மறுபடியும் படித்தேன். ஒரே உரிமையாளர் என்பதைப் பதிவுச் சான்று உறுதி செய்தது. மருத்துவர் ஓட்டியதும் மெய்யாக இருக்கலாம். வண்டி எதன்மீதும் மோதியதற்கான அடையாளம் இல்லை. பூச்சும் தொழிற்சாலையில் பூசியதுதான். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்தால் பொய்யென்று சுட்ட ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் அவை கூடி எழுப்பிய தோற்றம் முழுப்பொய். பழைய மகிழுந்து விளம்பரங்களின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வண்டியின் நிலை என்பது அளக்கத்தக்க இயற்பொருள் உண்மை. அதனை அளவில்லாத சொற்களால் எழுதும்போது, பொய் சொல்லாமலே ஏமாற்ற வழி பிறக்கிறது.

அகர்லாஃப் கண்ட அரிசி

இச்சிக்கலைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்தன. நான்காவதாக அனுப்பிய இதழில் 1970-இல் அது வெளிவந்தது. 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்குப் பெற்றுத் தந்த பணிகளுள் தலையாயது அதுவே.

அவர் கருத்தை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு சந்தையில் ஒரே வகை வண்டிகள் நூறு விற்பனைக்கு நிற்கின்றன. பாதி நல்லவை, ஒவ்வொன்றும் 4 லட்சம் ரூபாய் பெறும். மறுபாதி குறையுள்ளவை, 2 லட்சமே பெறும். எது எதுவென்று விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் இரண்டுக்கும் நடுவாக 3 லட்சம் தர முன்வருவார். நல்ல வண்டியை வைத்திருப்பவர் அவ்விலைக்கு இசையாமல் வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். சந்தையில் குறையுள்ளவை மிகும். அதையறிந்து வாங்குபவர் விலையை இன்னும் தாழ்த்துவார். இவ்வாறு படிப்படியாக நல்லவை விலக, சந்தையே சீரழியும். வாங்கியவர் இழப்பது பணம். நேர்மையாக விற்க வந்தவரோ தம் பொருளுக்குரிய விலையை இழக்கிறார். மயக்கும் விளம்பரம் இவ்விருவரையும் ஒருங்கே தாக்குகிறது.

அகர்லாஃப் 1967-68-இல் இந்தியாவில் தங்கி ஆய்வு செய்தவர். அவருடைய கட்டுரையில் நம் வீட்டுக் காட்சி ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய அரிசியிலிருந்து, அரிசியின் நிறமும் வடிவும் கொண்டதாகப் பார்த்து வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை இல்லத்தரசியர் பொறுக்கி எடுக்க நேர்வதை அவர் குறிப்பிடுகிறார். கருங்கல்லைக் கலந்தால் யாரும் கண்டுகொள்வர். அரிசி போன்ற கல்லே ஏமாற்றவல்லது. விளம்பரத்தில் ‘ஷோரூம் கண்டிஷன்’ என்ற தொடரும் அத்தகையதே. அது செய்திபோல் தோன்றும். செய்தி ஏதும் அதனுள் இராது. நம் பாட்டிமாருக்கு முறம் இருந்தது. மகிழுந்து வாங்குபவருக்கு முறமாக நிற்பவை அறிவியலின் அளவைகள்.

பல் எண்ணிய சந்தை

அளவுள்ள சொல் எப்படியிருக்கும் என்பதை நம் மாட்டுச் சந்தைகள் நன்கறியும். பொள்ளாச்சியிலோ மணப்பாறையிலோ ஒரு காளையை ‘நாலு பல்லு’ என்று சொன்னால், அது புகழ்ச்சியன்று, அளவு. மாட்டின் கீழ்த்தாடை முன்வரிசையில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணையிணையாக முளைக்கின்றன. முதல் இணை ஏறத்தாழ இரண்டு வயதில் தோன்றும். நான்காம் இணை நான்கு வயதைக் கடந்த பின் நிறையும். எனவே ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘ஆறு பல்’, ‘கடை முளைத்தது’ என்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வயதெல்லையைக் குறிக்கும். ஐயமுற்றவர் வாயைத் திறந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விற்பவர் சொல்லை வாங்குபவர் தம் கையாலேயே சோதிக்க முடிந்தது.

மகிழுந்து விளம்பரச் சொற்களை இவ்வளவுகோலால் பிரித்துப் பார்ப்போம். ‘2017 மாடல்’, ‘முதல் உரிமையாளர்’, ‘காப்பீடு நடப்பில் உள்ளது’ என்பன பல்லை எண்ணுவது போன்றவை. ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தக்கவை. ‘டயர் 80 விழுக்காடு’, ‘நான்-ஆக்சிடென்ட்’ என்பன அளவுபோல் தோன்றினாலும், எதை எவ்வாறு அளந்தார்கள் என்று சொல்லாதவை. ‘நல்ல கண்டிஷன்’, ‘பக்கா வண்டி’, ‘ஒரு ரூபாய் செலவில்லை’ என்பன எந்த அளவுக்கும் அடங்காதவை. ‘டாக்டர் யூஸ்டு’, ‘லேடி டிரிவன்’ என்பவையோ வண்டியைப் பற்றியே பேசுவதில்லை. ஓட்டியவரின் மதிப்பை வண்டிக்குக் கடனாக ஏற்றுகின்றன. மருத்துவரின் கல்வி அவர் வண்டியின் எண்ணெயை மாற்றாது.

இனி, விளம்பரங்களில் மிகுதியாகப் புழங்கும் கூற்றுகளை ஒவ்வொன்றாக முறத்தில் இடுவோம்.

ஓடிய தொலைவு

முற்கால வண்டிகளில் ஓடிய தொலைவைப் பற்சக்கரங்களால் சுழலும் எண்ணுருளைகள் காட்டின. இன்றைய வண்டிகளில் அவ்வெண், மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நினைவுச் சில்லில் பதிந்திருக்கிறது. அழியாதது என்பதனால் மாற்ற இயலாதது என்று பொருளாகாது. சக்கரம் சுழலச் சுழல வண்டி தானே அவ்வெண்ணைத் திருத்தி எழுதுகிறது. அதே வழியில், உரிய கருவி கொண்ட பிறரும் திருத்தி எழுதலாம். பழுதறிவதற்காக ஓட்டுநர் முழங்காலருகே அமைந்த இணைப்புவாய் வழியாகவோ, சில்லைப் பலகையிலிருந்து கழற்றியோ இது நிகழ்கிறது. தொழில் வழக்கில் இதனை ‘மீட்டரைக் குறைப்பது’ என்பர். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடைசெய்தது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் 4,50,000-க்கு மேற்பட்ட வண்டிகள் பொய்த்தொலைவுடன் விற்கப்படுவதாகவும், அதனால் மக்கள் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பதாகவும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டுள்ளது.

இவ்வெண்ணின்மீது ஏன் இத்தனை கை வைக்கப்படுகிறது? லாசிட்டெரா, போப், சிட்னர் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்க ஏலங்களில் நடந்த 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. வண்டி கூடுதலாக ஓட ஓட விலை சீராகச் சரிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு பத்தாயிரம் மைல் எல்லையிலும் விலை படியிறங்கினாற்போல் 150 முதல் 200 டாலர் வரை திடீரென்று வீழ்ந்தது. 79,900 மைல் ஓடிய வண்டிக்கும் 80,100 மைல் ஓடியதற்கும் தேய்மானத்தில் வேறுபாடு இல்லை; இடக்கோடியில் நிற்கும் இலக்கம் மட்டுமே வேறு. மனித மனம் இட இலக்கத்தைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றை நழுவவிடுகிறது. ‘49,000 கி.மீ.’ என்ற விளம்பரம் இந்த நழுவலை நோக்கியே எழுதப்படுகிறது.

மீட்டர் பொய் சொன்னாலும் பொருள்கள் பொய் சொல்லா. பிரேக் மிதியின் ரப்பர் வரிகள் பல்லாயிரம் அழுத்தங்களில் மழுங்குகின்றன. ஸ்டியரிங் உறையின் மேற்பரப்புச் சொரசொரப்பு, உள்ளங்கை வியர்வையாலும் உராய்வாலும் வழுவழுப்பாகிறது. ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நசுங்குகிறது. ஏழாண்டு வயதுடைய வண்டி 38,000 கிலோமீட்டர் ஓடியதென்றால் ஆண்டுக்கு 5,500-க்கும் குறைவு. அத்தகைய வண்டியில் மிதியின் வரிகள் மறைந்திருந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். ‘2319’ என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள். வண்டியோ 2017-இல் பிறந்தது என்றால் இவை அதனுடன் பிறந்த டயர்கள் அல்ல. மிகக் குறைவாக ஓடிய வண்டிக்கு நான்கு டயரையும் மாற்ற நேர்ந்தது ஏன் என்று கேட்கும் உரிமை அந்த நான்கு இலக்கங்களிலிருந்து பிறக்கிறது.

இச்சிக்கலுக்கு நாடளாவிய தீர்வு கண்ட நாடு பெல்ஜியம். 2006 முதல் அங்கே வண்டி பணிமனைக்குச் செல்லும்போதெல்லாம் ஓடிய தொலைவு நாளுடன் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. பழைய வண்டியை விற்பவர் ‘கார்-பாஸ்’ என்னும் அந்தப் பதிவுச் சான்றை வாங்குபவரிடம் கட்டாயம் தர வேண்டும். மீட்டரைத் திருத்தியவர் பதிவேட்டைத் திருத்த முடியாது. நம் நாட்டிலும் நிறுவனப் பணிமனைகள் ஒவ்வொரு சர்வீஸின்போதும் தொலைவைக் குறிக்கின்றன. அச்சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கினால், குறைக்கப்பட்ட எண் தானே வெளிப்படும்.

பூச்சின் தடிமன்

‘நான்-ஆக்சிடென்ட்’ என்ற தொடரை அளக்க மைக்ரான் வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். தொழிற்சாலையில் மகிழுந்தின் எஃகு உடல்மீது துருத்தடுப்பு அடிப்பூச்சு, இடைப்பூச்சு, நிறப்பூச்சு, பளபளப்பைத் தரும் ஒளிபுகு மேற்பூச்சு என்று பல படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். எந்திரக் கைகள் பூசுவதால் வண்டி முழுவதும் தடிமன் ஏறத்தாழ ஒரே சீராக அமையும்.

இனி ஒரு கதவு நசுங்கிற்று என்று கொள்வோம். டிங்கரிங் செய்பவர் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறார். முழுதும் சமனாகாத பள்ளங்களில் பட்டி பூசித் தேய்க்கிறார். மேலே புதுவண்ணம் அடிக்கிறார். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் மறுபூச்சு பெற்ற இடம் 200, 300 மைக்ரானாக உயர்ந்திருக்கும். பட்டி தடிமனாக இறங்கிய இடம் 1,000 மைக்ரானையும் தாண்டும்.

இதனைக் கண்டறியும் கருவி உள்ளங்கையில் அடங்கும். அதன் முனையில் இரும்பு உள்ளகத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்புகிறது. எஃகுத் தகடு நெருங்கினால் புலம் வலுக்கும். இடையிலுள்ள பூச்சு தடித்து எஃகு விலகினால் புலம் மெலியும். அந்த மெலிவே தடிமனாகக் கணிக்கப்படுகிறது. அலுமினியத் தகட்டில் இம்முறை செல்லாது. அங்கே விரைந்து மாறும் காந்தப்புலத்தால் தகட்டில் சுழல்மின்னோட்டங்களை எழுப்பி, அவற்றின் எதிர்விளைவை அளக்க வேண்டும். பம்பர் நெகிழியாதலால் இக்கருவி அதன்மேல் பேசாது. கருவி இல்லாதவர் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பார்க்கலாம். பட்டி தடித்த இடத்தில் அதன் பிடி தளரும்.

எனினும் ஒரு கதவு மறுபூச்சுப் பெற்றதனாலேயே அவ்வண்டி ‘விபத்து வண்டி’ ஆகிவிடுமா? குறுகிய தெருவில் சுவரோடு உரசியதும், நெடுஞ்சாலையில் லாரியோடு மோதியதும் ஒன்றாகா. இங்கே சொல்லுக்கு வரையறை வேண்டியிருக்கிறது. அதனை ஜப்பானியர் வகுத்துள்ளனர். அந்நாட்டு வணிக வழக்கில், சட்டகம், தூண்கள், கூரை, தளம் போன்ற எலும்புக்கூட்டு உறுப்புகள் பழுதுற்றுச் செப்பனிடப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் மட்டுமே அது ‘பழுதுபார்ப்பு வரலாறு உள்ள’ வண்டி. திருகாணியால் பொருத்தப்படும் கதவு, பானட், முன்பக்கத் தகடு ஆகியவற்றின் மாற்றம் அவ்வகையில் சேராது. மேலும், ஏலக்கூடத் தாளில் வண்டியின் படம் வரைந்து, கீறலுக்கு ‘ஏ’, பள்ளத்துக்கு ‘யூ’, பழுதுபார்த்த அலைவுக்கு ‘டபிள்யூ’ என்று எழுத்திட்டு, அருகில் அதன் அளவை எண்ணால் குறிக்கின்றனர். ‘யூ1’ என்றால் சிறு பள்ளம். எந்தக் கதவில், எந்த இடத்தில் என்பதைப் படம் காட்டும். ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளை இறக்கும் இலங்கையில், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழர்கள் இந்த ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கப் பழகியிருக்கிறார்கள். நம் சந்தையிலோ ‘மைனர் ஸ்கிராட்ச்’ என்ற தொடருக்குள் விரல்நீளக் கீறலும் அடங்கும், முழுக்கதவும் அடங்கும்.

நீர் புகுந்த வண்டி

வெள்ளத்தில் நின்ற வண்டியே இவை அனைத்திலும் கொடியது. அதன் கேடு உடனே தோன்றாது. மாதங்கள் கழித்தே தலைகாட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் சென்னையில் எண்ணற்ற மகிழுந்துகள் நீரில் நின்றன. அவற்றுள் பல முறையாகக் காப்பீட்டுக் கணக்கில் தீர்க்கப்பட்டன. சில கழுவி உலர்த்தி மணமூட்டப்பட்டு, வேறு ஊர்களுக்குப் போய், ‘ஷோரூம் கண்டிஷன்’ என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன.

அவ்வண்டிக்குள் நிகழ்வது எளிய மின்வேதியியல். தெருவில் தேங்கும் நீர் தூய நீரன்று. உப்பும் சாக்கடைக் கழிவும் கரைந்து மின்சாரத்தைக் கடத்தும் கரைசல். வண்டியின் கம்பித்தொகுதியில் 12 வோல்ட் அழுத்தம் நிற்கிறது. இணைப்பிகளுக்குள் அந்நீர் புகுந்தால் நேர்முனையிலுள்ள செம்பு அணு அணுவாகக் கரைந்து நகரத் தொடங்குகிறது. பச்சைநிறக் களிம்பு படிகிறது. தொடர்பின் மின்தடை ஏறுகிறது. அதன் விளைவாக ஒரு நாள் சன்னல் கண்ணாடி இறங்க மறுக்கும்; மற்றொரு நாள் எச்சரிக்கை விளக்கு காரணமின்றி எரியும். இவை பொறுக்கத்தக்கவை. ஆனால் விபத்தின்போது உயிர்காக்கும் காற்றுப்பையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பெரும்பாலான வண்டிகளில் இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே தரையையொட்டி அமைந்திருக்கிறது. வெள்ளம் முதலில் தொடும் இடங்களுள் அதுவும் ஒன்று. வேண்டிய கணத்தில் அது விரியாமற்போனால் இழப்பு பணத்தோடு நிற்காது.

நீரில் நின்ற வண்டியை யாரேனும் இயக்கியிருந்தால் இன்ஜினுக்குள்ளும் கேடு நிகழ்ந்திருக்கும். சிலிண்டருக்குள் காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க இயலாது. மேலெழும் பிஸ்டன் நீரை மோதி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைகிறது. சற்றே வளைந்த தண்டோடு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னரும் இன்ஜின் உடையக்கூடும்.

இதற்கும் முறம் உண்டு. சீட் பெல்ட்டின் கடைசி முழத்தை முன்பே கண்டோம். இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, உதிரிச் சக்கரம் கிடக்கும் குழியில் வண்டல், முகவிளக்குக்குள் நீராவித் திரை, டாஷ்போர்டுக்கு அடியில் கம்பிக்கட்டின் மேல் மண்படலம் ஆகியவற்றைத் தேட வேண்டும். பத்து வயது வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு சான்று. உள்ளே மிகையாக வீசும் நறுமணத்தையும் அதே ஐயத்தோடு முகர வேண்டும்.

இன்ஜினும் டயரும்

‘இன்ஜின் பிரிக்காதது’ என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. பிரிக்காமை நன்மையின் சான்றாகாது. பிரிக்க வேண்டிய இன்ஜினைப் பிரிக்காமல் ஓட்டியிருக்கவும் கூடும். புகையே இன்ஜினின் மொழி. நீலப்புகை, தேய்ந்த பிஸ்டன் வளையங்களையோ வால்வு அடைப்புகளையோ கடந்து எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ இருப்பதைக் காட்டும். இன்ஜின் சூடேறிய பின்னும் அடங்காத அடர்ந்த வெண்புகை, குளிர்நீர் எரியறைக்குள் கசிவதைக் காட்டும். இவற்றுள் பல குளிர்ந்த இன்ஜினை முதன்முறை இயக்கும்போதே தெளிவாக வெளிப்படும். ஆகவே வண்டியைப் பார்க்கச் சென்றவுடன் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், வேறொரு நாள் விடியலில் வருவதாகச் சொல்லித் திரும்புவதே நன்று.

‘டயர் 80 விழுக்காடு’ என்பதன் கணக்கையும் காண்போம். புதிய மகிழுந்து டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நம் மோட்டார் வாகன விதிகளின்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததைச் சாலையில் ஓட்டலாகாது. எனவே பயன்படுத்தத்தக்க ஆழம் 6.4 மில்லிமீட்டர். பள்ளம் 4 மில்லிமீட்டராக இருக்கும் டயரைப் பார்த்து ‘பாதி இருக்கிறது’ என்பர். உண்மையில் எஞ்சிய பயன் 2.4 மில்லிமீட்டர், அதாவது 37.5 விழுக்காடு. விழுக்காட்டைச் சொல்வதைவிட ‘4 மில்லிமீட்டர்’ என்று எழுதுவது சுருக்கம், நேர்மையுங்கூட.

சொல்லாமையின் பொருள்

அந்த வெள்ள வண்டியின் விளம்பரம் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது. சொல்லாமையை எவ்வாறு படிப்பது என்பதைப் பொருளியலாளர்களான கிராஸ்மனும் மில்குரோமும் 1981-இல் தனித்தனியே ஆராய்ந்தனர். சரிபார்க்கத்தக்க நற்செய்தியைக் கையில் வைத்திருப்பவர் அதை மறைக்கக் காரணம் இல்லை. ஆகவே ஒருவர் வாய்திறவாவிட்டால், கேட்பவர் அங்கே குறையிருப்பதாகவே கொள்ள வேண்டும். எல்லாரும் அவ்வாறு கொண்டால், மிக நல்ல நிலையில் உள்ளவர் முதற்கொண்டு படிப்படியாக அனைவரும் உண்மையைச் சொல்ல நேரும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

நடைமுறையில் மக்கள் அவ்வளவு ஐயப்படுவதில்லை. ஜின், லூகா, மார்ட்டின் ஆகியோர் ஆய்வகத்தில் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனைகளில், தெரிவிக்கப்படாத செய்தியைக் கேட்போர் போதிய அளவு ஐயுறவில்லை என்பது தெரியவந்தது. சொல்லப்பட்ட ஐந்து நற்கூற்றுகள் சொல்லப்படாத ஆறாவதை மனத்திலிருந்து அகற்றிவிடுகின்றன. எனவே விளம்பரத்தைப் படிக்கும்போது, இல்லாதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வெள்ளம் பற்றிச் சொல்லியிருக்கிறதா? சர்வீஸ் சீட்டுகள் பற்றி? கடன் நிலுவை பற்றி? முன்பு வாடகை வண்டியாக மஞ்சள் பலகையில் ஓடி, பிறகு வெள்ளைப் பலகைக்கு மாறியதா என்பது பற்றி? ஒவ்வொன்றையும் நேரே கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.

எழுத்தில் பெறுவதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. விளக்கத்தை நம்பி விற்கப்படும் பொருள் அவ்விளக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் விற்பனைக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு. முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. பழைய வண்டிகளை வணிகமாக விற்போர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஆயினும் சட்டம் பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். ‘38,000 கி.மீ.’ என்று எழுதியவரை அவ்வெண்ணைக் கொண்டு மடக்கலாம். ‘பக்கா வண்டி’ என்று எழுதியவரை எதைக் கொண்டு மடக்குவது?

கடைசி முழம் வரை

இரண்டு மாதம் கழித்துத் தம்பி வேறொரு வண்டியை வாங்கினான். விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் எழுதியிருந்த விளம்பரம் இது: ‘2016-இல் வாங்கியது. நானே முதல் உரிமையாளர். 71,300 கி.மீ. ஓடியது, சர்வீஸ் சீட்டுகள் அனைத்தும் உண்டு. இடப்பக்கப் பின்கதவு 2019-இல் சுவரில் உரசி மறுவண்ணம் அடிக்கப்பட்டது. முன் டயர் இரண்டையும் விரைவில் மாற்ற வேண்டிவரும். கிளட்ச் சற்று இறுக்கம். வெள்ளத்தில் நின்றதில்லை.’ புகழ்ச்சியென்று ஒரு சொல் இல்லை. வண்டியைப் பார்க்க எங்களுக்கு முன்பே இருவர் வந்து காத்திருந்தனர்.

விளம்பரம் நிலையைச் சொல்லும் முறை இதுவே. குறையைச் சொன்னதால் அவ்வண்டியின் விலை தாழ்ந்துவிடவில்லை. நிறையாகச் சொன்னவற்றை நம்புவதற்கு அந்தக் குறைகளே காரணமாயின. இணைய ஏலத்தில் விற்ற மகிழுந்துகளை ஆராய்ந்து 2011-இல் கிரெகரி லூயிஸ் கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது. விற்பவர் படங்களாலும் எழுத்தாலும் விரித்துரைக்கும் நிலை விலையைத் தெளிவாகப் பாதிக்கிறது. அகர்லாஃப் அஞ்சிய சீரழிவை அத்தகைய வெளிப்படைச் செய்தியே தணிக்கிறது. பூச்சின் மைக்ரான், டயரின் மில்லிமீட்டர், சீட்டுகளில் நாளோடு பதிந்த தொலைவு, நீர் ஏறியதா இல்லையா என்ற ஒருவரி விடை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பழைய வண்டி விளம்பரமும் ஏந்தி வருமானால், சந்தையை விட்டு விலகிய நல்ல வண்டிகள் திரும்பி வரும். இவற்றை அளக்கப் பெருஞ்செலவு இல்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

மெக்கானிக் அண்ணன் அன்று தம் சிறு கருவியை இடப்பக்கப் பின்கதவில் வைத்தார். 290 என்று காட்டியது. மற்ற இடங்களில் எல்லாம் 110-ஐ ஒட்டியே நின்றது. ஆசிரியர் சொன்ன இடத்தில் சொன்ன குறை இருந்தது; வேறெங்கும் இல்லை. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சீட் பெல்ட்டைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கடைசி முழம் வரை கறுப்பாகவே வந்தது.